எழுதுன ஆளே பக்கத்துல நின்னா எப்படிப் பாடறது? ரே டேவிஸோட 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பம்

ஆன்லைன்ல ஒரு ஆள்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல இந்த சிடியை வாங்கினேன். 'நல்ல கண்டிஷன்'னு போட்டிருந்தாரு, வந்து பிரிச்சா டப்பா நடுவுல கீறல், உள்ள இருக்க வேண்டிய புக்லெட்டைக் காணோம், கேட்டா "சிடி ஓடுதா இல்லையா சார்"ங்கறாரு. ஓடுது. சரி, டப்பா கதையை விடுவோம்.

கிங்க்ஸ் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. 1960கள் இங்கிலாந்து ராக் பேண்டுங்கன்னா பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ், ஹூன்னு மடமடன்னு சொல்லிட்டு மூச்சு வாங்கறப்ப ஞாபகம் வர்ற நாலாவது பேரு இவங்க. வடக்கு லண்டன், மஸ்வெல் ஹில் பக்கத்துப் பசங்க. அண்ணன் ரே டேவிஸ் பாட்டு எழுதிப் பாடுவாரு, தம்பி டேவ் கிட்டார், ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. 2010ல ரே என்ன பண்ணாருன்னா, தன்னோட பழைய பாட்டுங்களை எடுத்து மெட்டாலிகா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஜாக்சன் பிரவுன், ஜான் பான் ஜோவி, ஸ்பூன்ங்கற பேண்டுன்னு பெரிய ஆளுங்களையும் புது ஆளுங்களையும் கூப்பிட்டு கூடவே நின்னு பாடிட்டாரு. அதுதான் இந்த ஆல்பம்.

பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்குது. சமைச்சவரு பக்கத்துலயே நின்னு நம்ம இலையையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி நிம்மதியா சாப்பிடறது? பல பேரு மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு அடக்க ஒடுக்கமா பாடியிருக்காங்க. ஸ்பிரிங்ஸ்டீன் பாடற 'பெட்டர் திங்ஸ்' நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா திரும்பப் போட்டுக் கேக்கணும்னு கை போகல. பான் ஜோவி பாட்டை ரெண்டாவது தடவை ஸ்கிப் பண்ணிட்டேன், மன்னிக்கணும்.

ஹெவி மெட்டல் பேண்ட் மெட்டாலிகா கதை வேற. 2009 அக்டோபர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ரே அவங்களோட மேடை ஏறினாரு, அந்த ஜோடிதான் இங்க 'யூ ரியலி காட் மீ'க்கு வருது. சத்தம்னா அப்படி ஒரு சத்தம். ஆனா 1964 ஒரிஜினலைப் போட்டுப் பாருங்க. அப்ப டேவுக்கு வயசு 17. எல்பிகோன்னு ஒரு குட்டி பச்சைக் கலர் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி) வெச்சிருந்தாரு, சவுண்டு பிடிக்கலன்னு ஷேவிங் பிளேடை எடுத்து ஸ்பீக்கர் கோனைச் சரக் சரக்னு கிழிச்சு விட்டுட்டாரு. கிழிஞ்ச பேப்பர் அதிருது பாருங்க, அந்த கரகரப்பை இன்னொரு பெரிய ஆம்ப்ல விட்டு எடுத்தாங்க, பாட்டு நேரா இங்கிலாந்துல நம்பர் 1. அதுல வர்ற கிட்டார் சோலோ வாசிச்சது, பின்னாடி லெட் செப்பலின்ல வந்த ஜிம்மி பேஜ்னு இன்னும் சில பேரு அடிச்சு சொல்லுவாங்க, இல்லைங்க, டேவ்தான். மெட்டாலிகா கிட்ட இருக்கற மெஷினுக்கு அந்தக் குட்டி ஆம்ப் கால் தூசி, ஆனாலும் பயமுறுத்தறது என்னமோ கிழிஞ்ச ஸ்பீக்கர்தான். இதே பாட்டை 1978ல வான் ஹேலன் தன் முதல் சிங்கிளா போட்டாங்களே, அதுல ஒரு திமிர் இருந்துது, "இனிமே இது எங்க பாட்டு"ங்கற மாதிரி. ரே பக்கத்துல இல்லாததுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

நல்ல கிங்க்ஸ் கவர் (அவங்க பாட்டை மத்தவங்க திரும்பப் பாடறது) எல்லாமே அப்படி வந்ததுதான். 1964 முதல் எல்பியில ஒரு ஓரமாக் கிடந்த 'ஸ்டாப் யுவர் சாபிங்'கை பிரெடெண்டர்ஸ் எடுத்து 1979ல தங்களோட முதல் சிங்கிளாக்கினாங்க. 'லோலா'வை ரெய்ன்கோட்ஸ்னு ஒரு பெண்கள் பேண்ட் அதே 1979ல பாடினாங்க. கிளப்புல பாத்த லோலா ஆணா பொண்ணான்னு குழம்பற ஒரு ஆம்பள பாடற வரிகளை மாத்தாம அப்படியே பொண்ணுங்க பாடறப்ப பாட்டு இன்னொரு சுத்து சுத்திக்குது. ஒரிஜினல் 'லோலா'வுல ஒரு கூத்து உண்டு, கோக கோலான்னு கம்பெனி பேரு வந்ததால பிபிசி போட மாட்டேன்னுடுச்சு, ரே அமெரிக்க டூர்ல இருந்து லண்டன் பறந்து வந்து அந்த ஒரு வார்த்தையை செர்ரி கோலான்னு மாத்திப் பாடிக் குடுத்துட்டுப் போனாரு. இந்த ஆல்பத்துல பலோமா ஃபெய்த் பாடறாங்க. கேக்கலாம்.

'டேஸ்' பத்திச் சொல்லியே ஆகணும். கிங்க்ஸ் பாடினது 1968, இங்கிலாந்து சார்ட்ல 12. கர்ஸ்டி மெக்கால் பாடினது 1989, அதுவும் அதே 12! அந்தம்மா குரல்ல கேட்டா ஒரு துளி அழுகை கிடையாது, ஆனா கேக்கறவனுக்கு தொண்டை அடைக்கும். இங்க மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் அதை 'திஸ் டைம் டுமாரோ'வோட ஒட்டி, கோயில்ல சேர்ந்து பாடற மாதிரி ஆரம்பிச்சு மெதுவா ஏத்திக்கிட்டே போறாங்க. ஆல்பத்துல எனக்குப் பிடிச்ச முதல் இடம் இது, பயலுக பயப்படல. ரெண்டாவது அமெரிக்கப் பாடகர் அலெக்ஸ் சில்டன் பாடற 'டில் தி எண்ட் ஆஃப் தி டே'. ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே, 2010 மார்ச்ல மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேட்டா துள்ளல் பாட்டு கூட வேற மாதிரி ஆயிடுது.

ஜாக்சன் பிரவுனோட 'வாட்டர்லூ சன்செட்' அமைதியா, கிட்டாரை வருடி வருடி போகுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா 1967 ரெக்கார்டுல மேல மிதக்கற அந்த கோரஸ்ல ரேயோட அப்போதைய மனைவி ராசா குரல் இருக்கும் (நம்மூர் ராசா இல்லைங்க, லிதுவேனியப் பேரு), அது இல்லாம தேம்ஸ் நதியில தண்ணி வத்தின மாதிரி இருக்கு.

கடைசியா டைட்டில் பாட்டு. ஸ்பூன் பாடியிருக்காங்க, எனக்கு ஏமாற்றம்தான். இதோட கதை தெரிஞ்சா ஏன்னு புரியும். 1965 ஜனவரியில கிங்க்ஸ் ஆஸ்திரேலியா போற வழியில பம்பாய்ல தங்கினாங்க. விடியக்காலையில மீனவங்க வலையைத் தூக்கிக்கிட்டு பாடிக்கிட்டே கடலுக்குப் போறதை ரே கேட்டாரு. நம்ம பக்கம் அம்பா பாட்டுன்னு சொல்வோமே, அந்த ரகம். அது மண்டையில ஒட்டிக்கிட்டு வந்ததுதான் அந்த வருஷம் ஜூலையில வந்த 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்'. சிதார் கிதார் எதுவும் இல்ல, வெறும் கிட்டாரை வெச்சே தம்புரா மாதிரி ரீங்காரம் போட்டிருப்பாங்க. பீட்டில்ஸ் சிதாரோட ரெக்கார்டு போட்டது அந்த டிசம்பர்லதான்! ஸ்பூன் பாட்டுல தாளம் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு, அந்த ஸ்ருதி மயக்கம் மட்டும் எனக்குக் கிடைக்கல.

காசு குடுத்து வாங்கலாமான்னா, கிங்க்ஸ் ஏற்கனவே பிடிக்கும்னா வாங்குங்க, அஞ்சுக்கு மூணு. புதுசா வர்றவங்க இதுல ஆரம்பிக்காதீங்க, முதல்ல ஒரிஜினல் ஹிட்ஸ் கலெக்‌ஷன் எதையாவது கேட்டுட்டு வாங்க. அப்புறம் யார்கிட்டயாவது இந்த சிடியோட புக்லெட் தனியாக் கிடந்தா சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்.