சுங்கை சிப்புட் கடைகளுக்குக் கூகுள் வணிகப் பக்கம்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

கூகுளில் தேடும்போதும் வரைபடத்திலும் கடையின் பெயர், முகவரி, திறப்பு நேரம், ரிவியூ எல்லாம் காட்டும் பதிவுதான் கூகுள் வணிகப் பக்கம். அதை வைத்துக்கொண்டு, கடைக்குள் உட்கார்ந்து "டயர் கடை" என்று தேடி, "நம்ம கடைதான் முதல்ல வருது" என்று பூரித்துப் போவதில் அர்த்தமே இல்லை. தேடுபவர் நிற்கும் இடத்தை வைத்துத்தான் கூகுள் கணக்குப் போடுகிறது. இன்காக்னிட்டோ என்னும் மறைவு முறையில் தேடினாலும் கைப்பேசி இருக்கும் இடம் மாறாது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஹீவுட் தோட்டத்துப் பக்கம், இரயில் நிலைய வாசல், ஈப்போ சாலையில் ஊருக்கு வெளியே என நாலு இடத்தில் ஒரே சொல்லைப் போட்டுப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். ஓரிடத்தில் முதலில் நிற்கும் கடை, சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் வரைபடத்தோடு வரும் மூன்று பெயர்களில் காணாமல் போய்விடும்.

பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. வரிசைக்குக் கூகுளே சொல்லும் காரணங்கள் இந்த மூன்றுதான். காசு கட்டி இந்த வரிசையில் ஏற முடியாது என்றும் அதுவே சொல்கிறது. விளம்பரம் வேறு கணக்கு. தூரம் நம் கையில் இல்லை. தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரே தொழிலுக்கு நாலைந்து கடை இருந்தாலே அதிகம், ஆகவே புகழுக்காக ரொம்ப அலைய வேண்டியதும் இல்லை. உழைப்பைப் போட வேண்டியது பொருத்தத்தில், அதிலும் கடை என்ன தொழில் என்று கூகுளுக்குச் சொல்லும் முதன்மை வகையில்.

முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் மட்டும் பழுது பார்க்கும் பட்டறை, கார் பழுதுபார்ப்பு வகையில் கிடக்கும். மாலை கட்டுவதே முக்கிய வியாபாரமாக உள்ள கடை வெறும் 'கடை' என்று பதிவாகியிருக்கும். வகையைச் சரியாக வைத்துவிட்டால் மொழிப் பிரச்சினை பாதி தீர்ந்தது. பார்ப்பவரின் மொழியிலேயே வகையின் பெயர் தெரியும். கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) நின்றுபோய் 'பெங்கெல் மோட்டார்' (மோட்டார் சைக்கிள் பட்டறை) என்று மலாயில் தேடுகிறவருக்கும் அதே பட்டறை பொருந்தும். இதற்காகக் கடைப் பெயரோடு மலாய், ஆங்கிலச் சொற்களை ஒட்ட வேண்டாம்.

ஒட்டினால் கொஞ்ச நாள் மேலே வரும் என்பதும் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் இல்லாத சொல் பக்கத்தில் இருப்பது விதிமீறல். பக்கத்துக் கடைக்காரர் ஒரு புகார் போட்டால் பக்கமே முடங்கலாம். முடங்கிய பக்கத்தை மீட்க முறையீட்டுப் படிவம் அனுப்பியதும் ஆதாரங்களை ஏற்ற 60 நிமிடம்தான். எஸ்எஸ்எம் வணிகப் பதிவுச் சான்றிதழ், நகராண்மைக் கழக உரிமம், டிஎன்பி மின்சார பில், மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அந்தப் படிவத்தைத் தொடுங்கள். மூன்றிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த தலைவலி, வரைபடக் குறி. 31100 என்று அஞ்சல் குறியீடு போட்டு, 'லோட்' (மனை) எண் மட்டும் கொடுத்தால் குறி எங்கேயாவது போய் விழும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தால் சாமான் இறக்க வரும் லாரி செம்பனைக்குள் செம்மண் பாதையில் சுற்றும். பக்கத்தைத் திருத்தும் இடத்தில் முகவரியைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தில் தகரக் கூரை தெரியும் வரை பெரிதாக்கி, வாசல் மேல் குறியை வையுங்கள். முகவரியைப் பெரிதாக மாற்றினால் கடை உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் காணொளிச் சரிபார்ப்பைக் கூகுள் மறுபடியும் கேட்கலாம்.

காணொளியை வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்து வைத்தது செல்லாது. சாலையில் தொடங்கி, பக்கத்துக் கடைகளைக் காட்டி, பெயர்ப்பலகையில் நிறுத்தி, கதவுப் பூட்டைத் திறந்து உள்ளே போய், கல்லாவையோ கருவிகளையோ காட்டுங்கள். குறைந்தது 30 விநாடி. வாடிக்கையாளர் முகம் வேண்டாம். பெரும்பாலும் கெடுவது படமெடுப்பதில் அல்ல, ஏற்றுவதில்: சிக்னல் பலவீனமான இடத்தில் பாதியில் நின்றுவிடும். நல்ல வைஃபை கிடைக்கும் வரை செயலியை மூடாதீர்கள்.

திறப்பு நேரத்தை லேசாக நினைக்காதீர்கள். தேடும் நேரத்தில் திறந்திருக்கும் கடைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று 2023 இறுதியில் கூகுள் தரப்பே உறுதிப்படுத்தியது. உடனே சிலர் '24 மணி நேரம்' என்று போட்டுவிட்டார்கள்; அப்படிச் செய்யாதீர்கள் என்றும் அதே தரப்பு எச்சரித்தது. மூடிய கதவைப் பார்த்தவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார். தோட்டச் சம்பளம் மாதத்தின் முதல் 7 நாளுக்குள் வந்துவிடும். அந்த வாரம் இரவு நேரம் கழித்து அடைக்கும் கடை அந்த நேரத்தைப் பதிவில் காட்டினால் பலன் உண்டு. தைப்பூசம், தீபாவளி, சீனப் பெருநாளுக்குச் சிறப்பு நேரத்தை முன்கூட்டியே போட்டுவிடலாம்.

ரிவியூவில் நட்சத்திர எண்ணிக்கையை விட எழுத்து முக்கியம். "சூப்பர்" என்பதை விட, "டியூப் ஒட்டினாங்க, செயின் மாத்தினாங்க" என்ற வரி உழைக்கும். அதே வேலையைத் தேடுகிறவருக்குத் தேடல் முடிவிலேயே அந்தக் குறிப்பு சில சமயம் தெரியும். "ரிவியூ போட்டால் தே தாரிக் ஓசி" என்று அட்டை மாட்டுவது விதிமீறல். ரிவியூ பக்கத்தைத் திறக்கும் கியூஆர் அட்டையைக் கல்லா அருகில் வைத்து, "என்ன வேலை செஞ்சோம்னு எழுதுங்கண்ணே" என்று கேட்டாலே போதும்.

புகைப்படத்துக்குள் ஜிபிஎஸ் இடக் குறிப்பைத் திணித்துத் தருகிறோம் என்று விற்கும் சேவையால் வரிசை நகர்ந்ததைப் பார்த்ததில்லை. 750 எழுத்து அறிமுகமும் அப்படித்தான், படிக்கிறவருக்காக எழுதினால் போதும். வீட்டிலிருந்து சமையல் எடுத்துச் செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை தரும் இடங்களாக 20 பகுதிகள் வரை குறிக்கலாம். ஆனால் பக்கத்து ஊரான கோலகங்சாரைச் சேர்த்துவிட்டதால் அங்கே மேலே வந்துவிட மாட்டீர்கள். நடைமுறையில் சரிபார்த்த முகவரியைச் சுற்றித்தான் பலன்.

பழைய பக்கம் வைத்திருப்பவர்கள் இணையதள இணைப்பை ஒருமுறை தட்டிப் பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்த தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டன. அந்த முகவரி இன்னும் அங்கேயே இருந்தால் எடுத்துவிட்டு, முகநூல் பக்கத்தையாவது போடுங்கள்.