ஈசிஜியில் ‘பிளாக்’: எக்கோவா, டிரெட்மில்லா?

புளியரைச் சித்தப்பாவுக்கு வயது 64. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஈசிஜி தாளின் மேலே ‘அப்நார்மல், ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்’ என்று மெஷினே அடித்திருந்தது. வலி, மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் வீட்டில் இரண்டு கட்சி. “எக்கோ எடுத்துருங்க மாமா” என்றாள் புனலூர் மதினி. “டிரெட்மில்லுல ஓடவிட்டா அடைப்பு தெரிஞ்சிரும்” என்றார் தென்காசி அத்தான்.

அத்தானைக் குழப்பியது அந்த ‘பிளாக்’தான். அது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. இதயத்துக்குள் மின்துடிப்பு போகும் வலது கிளையில் தடங்கல். அதனால் அலை அகலமாகிறது, தாளில் மூன்று சின்னக் கட்டம், அதாவது 0.12 விநாடி, அல்லது அதற்கு மேல். நல்ல இதயத்திலும் இது இருக்கலாம். இடது கிளை என்றால் டாக்டர்கள் கூடுதலாகத் துருவுவார்கள்.

எக்கோ ஸ்கேன் தசை, வால்வு, பம்பிங் மூன்றையும் காட்டும். பம்பிங் 55 சதவீதமும் மேலும் இருந்தால் பொதுவாக நல்லது. ஆனால் எக்கோ நார்மல் என்பதால் ரத்தக்குழாயும் சுத்தம் என்று ஆகாது. படுத்திருக்கும்போது தசை ஒழுங்காகவே அசையலாம்.

அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது டிரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் துடிப்பை எட்ட வேண்டும், சித்தப்பாவுக்கு 133. அவர் முட்டிக்கு அது நடக்கிற காரியமா? தவிர, இடது கிளைத் தடங்கல் இருந்தால் டிரெட்மில்லில் நடக்கும்போது எடுக்கிற ஈசிஜியின் மாற்றங்களை நம்ப முடியாது. 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டே திரியும் ஈசிஜி பதிவுக் கருவி, படபடப்போ மயக்கமோ வந்துபோகிறவர்களுக்கு.

என் ஓட்டு எக்கோவுக்கு. அதற்கும் முன்னால் பழைய ஈசிஜிக்கு. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் ஒன்று கிடந்தது, வெப்பத்தாள் பாதி வெளிறிப்போய். (எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டுவையுங்கள்.) அதிலும் இதே அகல அலை. புதிதாக வந்ததல்ல என்பதே பாதி பதில்.

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 108.

எக்கோ பார்த்த புனலூர் டாக்டர் “குழப்பமில்லா” என்றார். மலையாளத்தில் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். சித்தப்பா அத்தானைத் திரும்பிப் பார்த்தார்: “குழப்பம் இல்லையாம்ல. அப்ப இத்தன நாளா குழப்பினது யாரு?”