பேட்டரி மேல அஞ்சு லக்கா? 6 வழி ஃபியூஸ் பாக்ஸ் மாட்டிப் பாத்தேன்

என்னோட க்ளாசிக் 350 பைக்குல பேட்டரி பாக்ஸ தொறந்தா பாசிட்டிவ் போல்ட்டு மேல மட்டும் அஞ்சு லக்கு (வயர் நுனில மாட்டுற உலோக வளையம்) அடுக்கி இருந்துச்சு. செல்ஃப் ரிலேக்கு போற தடி கேபிள், வண்டியோட ஒரிஜினல் வயர், ஃபாக் லைட்டு, ட்வின் ஹாரன், யூஎஸ்பி சார்ஜர். ஒவ்வொண்ணா மாட்டும்போது ஆளாளுக்கு ஒரு லக்க மேல வச்சு முறுக்கி விட்டிருக்காங்க, ஃபாக் லைட் மாட்டுன கடைல அதையும் ஒழுங்கா பண்ணல, நடுவுல வயர முறுக்கி கருப்பு டேப்ப சுத்தியிருக்காங்க, வெயில்ல பசை உருகி கையெல்லாம் பிசுபிசு. ஃபியூஸ் ஹாரனுக்கு மட்டும்தான்.

காலைல செல்ஃப் அமுக்குனா டக் டக்னு சத்தம், கிக்கர் அடிச்சா ஒரே அடில ஸ்டார்ட். பேட்டரி அவுட்டுன்னு நெனச்சு புதுசு வாங்கக் கெளம்பிட்டேன், எதுக்கும் பாப்போம்னு மல்டிமீட்டர் வச்சா 12.6 காட்டுது. சரின்னு ஒரு ப்ரோப பேட்டரி ஈயத்து மேலயும் இன்னொண்ண அந்த தடி கேபிள் லக்கு மேலயும் வச்சு செல்ஃப் அமுக்குனேன், அந்த ஜாயிண்ட்லயே 1.1 வோல்ட் வீணாகுது! அங்க 0.2 தாண்டவே கூடாது. லக்குக்கு நடுவுல பச்சையா பூத்துப் போய் கெடந்துச்சு, பாவம் பேட்டரி என்ன பண்ணும்.

அதுக்குத்தான் இந்த 6 வழி ஃபியூஸ் பாக்ஸ், பேட்டரிலேர்ந்து ஒரே வயர் உள்ள வந்து, தனித்தனி ஃபியூஸோட ஆறா பிரிஞ்சு போகும். சென்னை ஜி.பி. ரோட்டுல 450 ரூபா சொன்னான், 380க்கு முடிச்சேன். உள்ளயே நெகட்டிவ் பட்டையும் இருக்கு, அதனால எர்த் வயரும் அங்கயே வந்துடும். மொத்தம் 100 ஆம்பியர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, பைக்குல எவன் அவ்வளவு இழுக்கப் போறான்.

கூட ஒரு பாக்கெட் லக்கு தர்றாங்க பாருங்க, அத அப்படியே குப்பைல போடுங்க. தகரம். வயர உள்ள விட்டு நசுக்கி க்ரிம்ப் பண்ணி லேசா இழுத்தா வயர் கழண்டு கைல வருது. ரிச்சி ஸ்ட்ரீட்டுல நல்ல காப்பர் லக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் (சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்கிற குழாய்) வாங்கி மறுபடி போட்டேன், அதுக்கு ஒரு நாள் போச்சு.

மாட்டுனது இப்படித்தான். மொதல்ல 10 ஸ்பேனர் வச்சு நெகட்டிவ கழட்டிடுங்க, பாசிட்டிவ்ல கை வச்சுட்டு ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டா தீபாவளிதான். திருப்பி மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பேட்டரிலேர்ந்து ஒரே ஒரு வயர், ஒரு சாண் தூரத்துக்குள்ள 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கேர்ந்து தனியா ஒரு ரிலேவோட (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச், செல்ஃப் ரிலே இல்ல) 30ம் நம்பர் பின், 87லேர்ந்து பாக்ஸுக்கு. 86க்கு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வயர், 85 எர்த். சாவிய எடுத்தா பாக்ஸ் மொத்தமும் செத்துடும், ராத்திரி பூரா சார்ஜர் பேட்டரிய உறிஞ்சாது. ஃபாக் லைட் ரெண்டும் சேந்து 40 வாட், மூணரை ஆம்பியர்கூட வராது, 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஹாரனுக்கு நீலக் கலர் 15. செல்ஃப் கேபிள இதுல கொண்டு வந்துடாதீங்க, அது பேட்டரிலயேதான் இருக்கணும்.

ஃபியூஸ் போனா எல்இடி எரியும்னு அட்டைல போட்டிருக்கான். உருவிப் பாத்தேன், எரியல. ஏமாத்திட்டான்னு கடைக்கே போகப் பாத்தேன், அப்புறம்தான் புரிஞ்சுது லைட் சுவிட்ச ஆன் பண்ணியிருந்தாத்தான் அது எரியும், சும்மா இருந்தா எரியாது. அத அட்டைல எழுதித் தொலைச்சா என்னவாம்.

மூடிதான் மோசம், ஒரு பக்க லாக் மூணாவது தடவ தொறக்கும்போதே ஒடஞ்சுது, இப்ப கேபிள் டை போட்டு கட்டி வச்சிருக்கேன். வாட்டர் ப்ரூஃப்னு சொல்றத நம்பாதீங்க, சீட்டுக்கு அடில தண்ணி தெறிக்காத எடமா பாத்து வைங்க.

டெர்மினல சாண்ட் பேப்பர் போட்டு தேச்சு, இறுக்குன பிறகு மேல கொஞ்சம் வாசலின் தடவினேன். இப்ப அதே எடத்துல மீட்டர் வச்சா 0.1. பழைய பேட்டரிதான், ரெண்டு மாசமா கிக்கர தொடல. பாக்ஸுக்கு 5க்கு 3 தரேன், லக்கு ஒழுங்கா குடுத்திருந்தா 4.