சென்னிங்கா, ஸ்விட்ச்சா: கரோனரியை வைத்து ஒரு கணக்கு

டி.ஜி.ஏ. என்ற இதயக் குறையோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் ஸ்விட்ச் ஆபரேஷன் செய்துவிட முடிந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். தாமதமாகத் தெரியவந்தால்தான் சென்னிங் என்ற பழைய முறையும் பேச்சில் வரும். எங்கள் மகளுக்கு அப்படித்தான் வந்தது. ஒரு டாக்டர் சென்னிங் என்றார், இன்னொருவர் ஸ்விட்ச் என்றார். ஸ்விட்ச் செய்தோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

இந்தக் குறையில் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்திருக்கும். அதனால் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தமே உடம்புக்குப் போய்க் குழந்தை நீலமாகத் தெரியும். 1950களின் இறுதியில் ஸ்வீடனின் ஓகே சென்னிங் கொண்டுவந்த முறையில் இதயத்தின் மேலறைகளுக்குள்ளேயே ரத்தத்தைத் திசைதிருப்பிவிடுவார்கள். பிரேசிலின் அடிப் ஜடேனி 1975இல் செய்துகாட்டிய ஸ்விட்ச்சில் தமனிகள் இரண்டையுமே வெட்டி மாற்றித் தைப்பார்கள். இரண்டிலும் குழந்தையின் நீலம் போய்விடும். ஆபரேஷனின்போது இதயத்தின் வேலையைப் பார்க்கும் பை-பாஸ் மெஷின், ஐ.சி.யூ., நெஞ்சுத் தழும்பு எல்லாம் இரண்டுக்கும் பொது.

முடிவைத் தீர்மானித்தது கரோனரி, அதாவது இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள். ஸ்விட்ச்சில் இவற்றையும் இடம் மாற்றியாக வேண்டும். நாற்றை வேர்மண்ணோடு பெயர்ப்பதுபோல, குழாயின் வாயைச் சுற்றியுள்ள தமனிச் சுவரையும் சேர்த்து வெட்டியெடுத்துப் புது இடத்தில் தைக்கிறார்கள். பிஞ்சுக் குழந்தைக்கு அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாய். கொஞ்சம் முறுக்கினாலும் இழுத்தாலும் இதயத் தசைக்கு ரத்தம் குறையும். "தொடாமலே செய்ய முடியும்னா எதுக்குங்க தொடணும்?" என்று என் மாமனார் டாக்டரிடமே கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் தொடாத கரோனரிக்கும் சென்னிங்கில் சுமை உண்டு. அதற்குப் பிறகு உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளுவது வலது கீழறை. நுரையீரலுக்கு மட்டும் தள்ள அமைந்த அறை அது. வேலை கூடக்கூட அதன் தசை தடிக்கும், தடித்த தசை அதிக ரத்தம் கேட்கும். அதற்குப் பெரும்பாலும் படியளக்கும் வலது கரோனரி ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்கும். இப்படி வளர்ந்து பெரியவர்களானவர்களின் வலது கீழறையில் ரத்தம் போதாத பகுதிகளை ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். அந்த அறை தளர்வதும், இதயத் துடிப்புக் கோளாறும், அதற்கு பேஸ்மேக்கர் வைப்பதும் சென்னிங்கின் நெடுநாள் கதை. ஸ்விட்ச்சில் கரோனரி ஆபத்து பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில் முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தாண்டிவிட்டால் உடம்புக்கு ரத்தம் தள்ளுவது அதற்கென்றே அமைந்த இடது கீழறை. எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

அப்புறம், ஸ்விட்ச் செய்தாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. தமனிகளை வெட்டும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகளும் அறுபடுவதால், பிற்பாடு கரோனரி சுருங்கினாலும் நெஞ்சுவலி வராமல் போகலாம். பிள்ளை ஓடியாடுகிறதே என்பது ஆதாரமாகாது. ஓய்வில் ரத்த ஓட்டம் சரியாக இருந்து, அதிகம் தேவைப்படும்போது மட்டும் கூடாமல் போவதும் சில பிள்ளைகளிடம் காணப்பட்டிருக்கிறது. அதனால்தான் எக்கோ, ஈ.சி.ஜி.யோடு நிற்காமல் வளர்ந்தபின் டிரெட்மில், சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர்.ஐ. என்று கேட்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஸ்விட்ச்சுக்குப் பின் மகாதமனி வால்வாக வேலை செய்வது பழைய நுரையீரல் வால்வு. அது நன்றாகக் கசிய ஆரம்பித்தால், இதயம் விரியும் நேரத்து அழுத்தம் இறங்கும். கரோனரி பெரும்பாலும் நிரம்புவதே அந்த நேரத்தில்தான்.

என் மகள் இன்னும் சின்னப் பிள்ளை. போட்டி விளையாட்டு, பிரசவம் பற்றியெல்லாம் என் அனுபவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சென்னிங் செய்துகொண்டு வேலை, குடும்பம் என்று நன்றாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

என் சாய்வு செல்லாத இடமும் உண்டு. அழுத்தம் குறைந்த நுரையீரல் பக்கம் வாரக்கணக்கில் வேலை செய்து இடது கீழறை மெலிந்துபோயிருந்தால், நேரடியாக ஸ்விட்ச் செய்வது அதற்குத் தாங்காமல் போகலாம். அப்போது நுரையீரல் தமனியைப் பட்டி கட்டி இறுக்கி, அந்த அறையை அதிக அழுத்தத்துக்குப் பழக்கிவிட்டு ஸ்விட்ச் செய்வார்கள், இல்லையென்றால் சென்னிங். கரோனரி தமனிச் சுவருக்குள்ளேயே ஓடும் அமைப்பாக இருந்தாலும் ஸ்விட்ச்சின் ஆபத்து கூடும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் செய்து பழகிய சர்ஜன்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.