டிபெண்டென்சிஸா, டெவ் டிபெண்டென்சிஸா: எந்தப் பொதியை எங்கே எழுதுவது?

நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) திட்டமொன்றின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில், செயலி ஓடும்போது தேவைப்படும் பொதிகளை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை) 'டிபெண்டென்சிஸ்' பட்டியலிலும், எழுதவும் சோதிக்கவும் தொகுக்கவும் மட்டுமே தேவைப்படுபவற்றை 'டெவ் டிபெண்டென்சிஸ்' பட்டியலிலும் எழுத வேண்டும் என்பது பொது விதி. வலைச் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் முதலாவதில் சேரும். சோதனைக் கருவியான ஜெஸ்ட், நிரலில் உள்ள குறைகளைச் சுட்டும் இஎஸ்லின்ட் ஆகியவை இரண்டாவதில் சேரும். ஆனால் இப்பிரிவினைக்கு உள்ள மதிப்பு எல்லாத் திட்டங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை.

சர்வரில் ஓடும் செயலியில்தான் வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிகிறது. நோட்_என்வ் சூழல் மாறி 'புரொடக்‌ஷன்' என்றிருந்தால் பொதிகளை நிறுவும் கருவியான என்பிஎம் இரண்டாம் பட்டியலை நிறுவாது. அதனால் டாக்கர் இமேஜின் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டி சர்வரில் ஏற்றும் தொகுதியின்) அளவு குறைகிறது. அதே காரணத்தால், ஓடும் நிரல் அழைக்கும் ஒரு பொதி தவறுதலாக இரண்டாம் பட்டியலில் இருந்துவிட்டால், நிரலாளரின் கணினியில் குறையின்றி ஓடிய செயலி, சர்வரில் ஏற்றியதும் 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தொகுக்கப்படும் மொழியான டைப்ஸ்கிரிப்ட் இரண்டாம் பட்டியலில் இருப்பது முறையானதே என்றாலும், தொகுப்பு வேலையையும் அந்தச் சூழலிலேயே செய்தால் தொகுப்பான் கிடைக்காது. ஆகவே முழுப் பட்டியலோடு தொகுத்து, பிறகு முதல் பட்டியலை மட்டும் கொண்டு இமேஜை உருவாக்கும் இரண்டு கட்ட முறையே பொருத்தமானது.

வைட், வெப்பேக் போன்றவற்றால் தொகுக்கப்படும் பிரவுசர் செயலியில் நிலைமை வேறு. தொகுப்பான் 'இம்போர்ட்' வரிகளைப் பார்க்கிறதே தவிரப் பட்டியலைப் பார்ப்பதில்லை. திரை இடைமுகம் எழுத உதவும் ரியாக்டை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினாலும் பயனருக்குப் போகும் கோப்பு ஒரு பைட்கூடக் குறையாது. இதைப் பற்றி நீளும் விவாதங்கள் பெரும்பாலும் வீண்.

இரண்டாம் பட்டியல் பாதுகாப்பு நோக்கில் பொருட்படுத்தத் தேவையற்றது என்ற எண்ணம் மட்டும் ஆபத்தானது. 2018 ஜூலையில், பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் இஎஸ்லின்ட் பயன்படுத்தும் இஎஸ்லின்ட்-ஸ்கோப் பொதியின் 3.7.2 பதிப்பில் தீங்குநிரலைச் சேர்த்து வெளியிட்டனர். அது நிறுவப்பட்ட கணினிகளிலிருந்த என்பிஎம் டோக்கன்களை (கணக்கில் நுழைய உதவும் சாவிகளை) திருட முயன்றது. சர்வரை எட்டாத கருவியும் நிரலாளரின் சாவிகளை எட்டும்.

ஐயம் எழுந்தால், சர்வர் செயலியில் முதல் பட்டியலையே தேர்வேன். வீணாவது வட்டில் (டிஸ்கில்) உள்ள இடம் மட்டுமே. பிறர் தம் திட்டங்களில் நிறுவிப் பயன்படுத்தும் நிரல் நூலகத்தில் அந்தத் தாராளம் கூடாது. அங்கே முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பயன்படுத்துவோர் எல்லோருடைய கணினியிலும் இறங்கும். இரண்டாம் பட்டியல் இறங்கவே இறங்காது. எனவே வெளியிடுமுன், பொதியை ஒரே கோப்பாகக் கட்டும் 'என்பிஎம் பேக்' கட்டளையால் கிடைக்கும் கோப்பை வெற்றுத் திட்டமொன்றில் நிறுவி, அங்கே நூலகத்தை அழைத்துப் பார்ப்பது நல்லது.