கிழக்கிலங்கைப் பெண்கள் வரலாற்று நாட்காட்டி: வாங்கலாமா?

மட்டக்களப்பிலுள்ள சிறிய பெண்கள் குழுவொன்று இவ்வாண்டுக்கென வெளியிட்டிருக்கும் சுவர் நாட்காட்டி, கிழக்கின் பெண்களுடைய வரலாற்றையும் அவர்கள் ஊரளவில் நடத்திய போராட்டங்களையும் பன்னிரண்டு தாள்களில் சொல்ல முயல்கிறது. விலை 750 ரூபாய். நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் இலவசமாகவே நாட்காட்டி கொடுக்கும் ஊரில் இவ்வளவு பணத்துக்கு இதை எதற்கு வாங்க வேண்டுமென்று கேட்பவர்களுக்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டி என்ற அளவில் பார்ப்போம். பூரணை தினங்கள், அரச விடுமுறைகள், தமிழ் மாதத் தேதி, ஹிஜ்ரி மாதப் பிறப்பு ஆகிய யாவும் உள்ளன. இராகு காலமும் சுபநேரமும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. அதைத் தேடிப் பார்த்துக் காணாத என் மாமியார், கோயிலில் கொடுத்த நாட்காட்டியை அதற்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். அதைவிடப் பெரிய குறை வேறு. தேதிக் கட்டங்கள் மிகச் சிறியவை. தாளும் வழவழப்பானது என்பதால் பேனை மை பிடிப்பதில்லை. சீட்டுக் காசு, பால் கணக்கு, சங்கக் கூட்டம், கிழமைக் கடன் கட்டும் நாள் என்று எங்கள் பெண்கள் நாட்காட்டியில்தான் குறித்து வைப்பார்கள். பெண்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு நாட்காட்டியில் பெண்கள் எழுத இடமில்லாமல் போனது கவனக்குறைவுதான்.

உள்ளடக்கத்துக்கு வந்தால், டிசம்பர்த் தாள் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். 2004 டிசம்பர் 26 என்றதும் வழக்கமாக அச்சிடப்படும் மெழுகுவர்த்தியும் கடலலையும் இதில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, பெயர்கள் மறைக்கப்பட்ட பழைய சீதன உறுதியொன்றின் (மகளுக்குச் சீதனமாக எழுதிய சொத்துப் பத்திரத்தின்) படம் தாளின் பாதியை நிரப்புகிறது; உறுதியின் கீழ் மூலையில் தண்ணீர் ஊறிய மஞ்சள் கறை தெரிகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவதையும், கலியாணத்தின்போது வீடு மகளுக்கு எழுதப்பட்டு மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வதையும் நாம் அறிவோம். மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்த பிறகும் இந்த நடைமுறை மாறவில்லை. ஆனால் ஆழிப்பேரலையில் வீடுகள் அழிந்து, கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் மீண்டும் கட்டக்கூடாதென்று கிழக்கில் கூறப்பட்டு, வேறிடத்தில் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, பல இடங்களில் அவை ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவனுக்கே எழுதப்பட்டன. தாய் மகளுக்குக் கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. மகளுக்குரிய உரிமையை ஒரு படிவம் கொண்டுபோனது. அதை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் கணவனோடு இணை உரிமை கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதையும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு வழங்கிய காணியின் பின்னுரிமையில் மகளுக்கு முன்னே மகனை வைத்திருந்ததையும் இணைத்துக் காட்டும் எட்டு வரிக் குறிப்பு, நான் வாசித்த சில நீண்ட கட்டுரைகளைவிடத் தெளிவானது.

ஏப்ரல் தாளும் நன்றாக வந்திருக்கிறது. இந்திய அமைதிப்படைக் காலத்தில் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் போர்நிறுத்தம் கோரி 1988 மார்ச் 19 அன்று உண்ணாவிரதம் தொடங்கி ஏப்ரல் 19 அன்று உயிர்நீத்த அன்னை பூபதியைப் பற்றி அறியாதவர் இங்கில்லை. அவரது நினைவை அரசியல் தரப்புகள் தத்தமக்கு உரியதாக ஆக்கிக்கொண்டதால் நமக்கு மறந்துபோனது, அவருக்குப் பின்னால் நின்ற அன்னையர் முன்னணி. அந்த முன்னணியின் பெண்கள் படையினரிடம் நேரே போய்ப் பேசியதையும், பூபதிக்கு முன்னர் உண்ணாவிரதம் தொடங்கிய அன்னம்மா டேவிட்டையும் இத்தாள் பெயரோடு சொல்கிறது. இறந்தவரை மட்டும் போற்றாமல் இயங்கியவர்களையும் எழுதுவதே இந்த நாட்காட்டியின் பலம் என்பேன்.

அந்தப் பலம் எல்லா மாதங்களிலும் இல்லை. ஓகஸ்ட், செப்டம்பர்த் தாள்களில் 1990ஆம் ஆண்டின் காத்தான்குடிப் பள்ளிவாசல், ஏறாவூர், வந்தாறுமூலை அகதி முகாம், சத்துருக்கொண்டான் ஆகிய இடங்களில் மக்கள் கொல்லப்பட்ட அல்லது காணாமல் ஆக்கப்பட்ட நான்கு சம்பவங்களும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. முஸ்லிம், தமிழர் என இருபக்கத்து இழப்பையும் ஒரே சுவரில் மாட்டத் துணிந்ததைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் அங்கே பெண்கள் விதவைகளாகவும் தாய்மாராகவும் மட்டுமே வருகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி முகாம் வாசல்களில் நின்றவர்களும், இன்று அம்பாறையின் திருக்கோவில் ஊரில் வீதியோரத்தில் படம் ஏந்தி நிற்பவர்களும் அதே வரலாற்றின் தொடர்ச்சிதானே? அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். வைகாசித் தாளில் கண்ணகை அம்மன் சடங்கில் பெண்கள் நெல்லுக் குற்றும் படம் அழகாக இருக்கிறது, ஆனால் அழகோடு நின்றுவிடுகிறது.

ஒக்டோபரில் அமைப்புகளின் கதை. 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களுக்காகத் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், அது வெளியிட்ட ‘பெண்’ சஞ்சிகை, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பெண்கள் நகரத்து வீதிகளில் நடந்த நீதிக்கான நடை ஆகியவை சுருக்கமாக உள்ளன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி மணமகளின் கையொப்பம் தேவைப்படுவதில்லை என்பதையும், அதை மாற்றக் கோரும் முஸ்லிம் பெண்களின் உழைப்பையும் சொல்லும் ஜூலைத் தாள் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. காத்தான்குடியிலுள்ள என் தோழி அதைத் தன் வரவேற்பறையில் தயக்கமின்றித் தொங்கவிட்டிருக்கிறார்.

நவம்பர்த் தாளின் பின்புறம் தனியே குறிப்பிடத் தக்கது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம், அது பன்னிரண்டு மாதம் வரை செல்லும், அது கிடைக்கும்வரை இடைக்காலக் கட்டளை பெறலாம் என்ற விபரங்களும், 1938 என்ற பெண்களுக்கான தொலைபேசி உதவி இலக்கமும் பெரிய எழுத்தில் உள்ளன. ஆனால் பின்புறத்தில் அச்சிட்டதை யார் புரட்டிப் பார்ப்பார்கள்? முன்புறத்தில் பன்னிரண்டு மாதமும் கண்ணில் பட வேண்டியது அது.

அம்பாறைக்கு நியாயம் செய்யப்படவில்லை என்ற மனக்குறையும் எனக்கு உண்டு. மருதமுனை நெசவுப் பெண்களின் ஒரு படமும் அக்கரைப்பற்றுக் குடிவழக்கம் பற்றிய இரண்டு வரிகளும் போக, மாவட்டத்தின் சிங்களப் பெண்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அட்டையில் ‘கிழக்கிலங்கை’ என்று போட்டுக்கொண்டு மட்டக்களப்பு நகரைச் சுற்றியே வந்தால் பெயரை மாற்ற வேண்டும், அல்லது ஆட்களைச் சேர்க்க வேண்டும்.

பாடசாலை நூலகங்களுக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம். வீட்டுக்கு வாங்குகிறவர்கள், கணக்குக் குறிக்க வேறொரு நாட்காட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள்; மேலே உள்ள தகரப் பட்டி இலகுவில் வளைவதால் இரண்டு ஆணியில் மாட்டுவது நல்லது.