பகல் 11 மணி வேகத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். கோவை வடவள்ளியில் வீட்டின் ஓர் அறைதான் ஸ்டூடியோ. ஒரு கல்யாணம் முடிந்தால் 60 ஜிபி வரை ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். என் வயிற்றுப்பாடு முழுக்கப் பதிவேற்ற வேகத்தில்தான் இருக்கிறது. ஆனால் கோபுரத்திலிருந்து 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குத் தரும் கம்பியில்லா இணைப்புக்குக் கையெழுத்துப் போட்ட அன்று அந்த வேகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எனவே முதல் குற்றவாளி நான்தான்.

என்னிடம் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தது. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டியவர்கள் ஒரே மாதத்தில் இரண்டு முறை கேபிளை அறுத்தார்கள். இரண்டாவது முறை ஒட்டுப்போட ஆள் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான், தெருமுனையில் குடை நட்டு உட்கார்ந்திருந்த பையன் கூப்பிட்டான். "சார், இதுவும் ஃபைபர் மாதிரிதான், ஒயர் மட்டும் இல்லை. யார் தோண்டினால் நமக்கு என்ன?" நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யார் விற்றாலும் விஷயம் ஒன்றுதான்.

மறுநாள் காலை 11 மணிக்கு வந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, கைபேசியில் வேகம் காட்டினார்கள். 280 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 280 மெகாபிட். அசந்துபோனேன். ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன். அன்று மாலையே ஃபைபரைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

முதல் வாரமே இரவு 9 மணிக்கு 9 எம்பிபிஎஸ். ஊரே வேலை முடிந்து வந்து கைபேசியில் படம் பார்க்கும் நேரம் அது. அந்த 5ஜி கோபுரத்தின் ஒரு பக்கம் தரும் மொத்தக் கொள்ளளவை அத்தனை கைபேசிகளும் என் பெட்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஃபைபரிலும் பங்கு உண்டு. பல வீடுகளுக்குப் பிரிந்துபோகும் ஜிபான் (GPON) வகை ஃபைபர் இழை ஒன்றின் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். ஆனால் அங்கே கூட்டம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. தெருவில் தேர் வந்தாலும் அது மாறாது.

பதிவேற்றம்தான் என்னை வீழ்த்தியது. இங்கே 5ஜிக்குப் பெரும்பாலும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில்தான். நேரத்தைத் துண்டுபோட்டு ஒதுக்குகிறார்கள். அதில் பெரும்பங்கு பதிவிறக்கத்துக்குப் போய்விடுகிறது. எனக்குக் கிடைத்தது 5 எம்பிபிஎஸ். 60 ஜிபியை ஏற்ற 26 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பழைய ஃபைபரில் 100 எம்பிபிஎஸ் இருந்தபோது அதே வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மணப்பெண்ணின் அப்பா, "தம்பி, பேத்தி பிறந்த பிறகாவது கல்யாண வீடியோ வருமா?" என்று கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார், எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாம் மாதம் பக்கத்து மனையில் வீடு எழும்பியது. இரண்டாம் மாடிக்குச் சென்டரிங் பலகை அடித்த வாரம் இணைப்பு விட்டுவிட்டு வரத் தொடங்கியது. கான்கிரீட் போட்டதும் பாதி நேரம் இல்லை. டெக்னீஷியன் வந்து பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோபுரம் மறைகிறது சார்" என்றார். மழையில் சிக்னல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 26 கிகாஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த 5ஜி பட்டையில் அது உண்மை. மேலே சொன்ன 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மழை அவ்வளவாகப் படுத்தாது. சுவரும் நனைந்த மர இலையும்தான் படுத்தும். உங்கள் மாடியிலிருந்து கோபுரம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் காலி மனை கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களை யாரும் சொல்லவில்லை. மாதம் 1000 ஜிபி தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகிவிடும். ஏற்றுவதும் அந்தக் கணக்கில் சேரும். வெளியிலிருந்து இணையம் வழியே என் வீட்டை எட்ட உதவும் தனிப் பொது ஐபி முகவரியும் எனக்கு இல்லை என்பதால், வீடியோக்களைச் சேமித்து வைக்கும் வீட்டுப் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், "திட்டத்தில் 300 எம்பிபிஎஸ் 'வரை' என்றுதானே இருக்கிறது சார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு யானை ஒளிந்துகொள்ளலாம். 9 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றதற்கு, அரசு விதிப்படி பிராட்பேண்ட் என்றால் 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்றார். 2023 முதல் விதி அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ்.

புகார் செய்பவர்கள் புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு, நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருப்பதால் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். நான் 20 நாள் இரவு 9 மணிக்கு எடுத்த வேகச் சோதனைப் படங்களை மேல்முறையீட்டில் இணைத்தேன். மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இந்த இணைப்பே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனைமலைப் பக்கம் மாமனார் தோட்டத்து வீட்டுக்கு எந்தக் கேபிள்காரரும் வரமாட்டார். அங்கே இதே மாதிரி ஒரு பெட்டி அருமையாக ஓடுகிறது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வயல்தான், கூட்டமும் இல்லை. மாமா மதியம் முழுக்கப் பழைய பாட்டுக் கேட்கிறார். ஃபைபர் வாசலுக்கு வந்திருக்கும் தெருவில் அதை வெட்டிவிட்டு இதற்குப் போனதுதான் என் தவறு. புதியதை ஒரு மாதமாவது இரவில் ஓட்டிப் பார்த்த பிறகு பழையதைத் துண்டியுங்கள். முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள்.

ஃபைபர் திரும்ப வந்துவிட்டது, புது இணைப்புக் கட்டணத்தோடு. வெள்ளைப் பெட்டி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் வருவார் என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்று அபராதக் குறுஞ்செய்தி நேற்று வந்தது. அதற்கும் ஒரு புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.